பால் பற்களுக்குப் பொறுப்பு யார்?

நமது சிறப்பு நிருபர்

புது தில்லி: 2023-ஆம் ஆண்டு ஜூலை 28. மணிப்பூர் விவகாரத்தை எழுப்பி எதிர்க்கட்சிகள் மக்களவையில் முழக்கமிட்டுக் கொண்டிருந்தன. அந்த அமளிக்கு இடையே தேசிய பல் மருத்துவ ஆணைய மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. ஆகஸ்ட் 8-ஆம் தேதி மாநிலங்களவையும் அதற்கு ஒப்புதல் அளித்தது.

1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டத்துக்கு மாற்றாகக் கொண்டுவரப்பட்ட இச் சட்டம் மூன்று வாரியங்களுக்கு வழிசெய்கிறது. ஒன்று பல் மருத்துவக் கல்விக்கு, இரண்டாவது கல்லூரிகளை மதிப்பிட, மூன்றாவது மருத்துவர்களின் பதிவுக்கும் நன்னெறிக்கும். படிப்பை முடித்து வெளியேறும் மாணவர்களுக்குப் பொதுத் தேர்வு ஒன்றுக்கும் அதில் இடமுண்டு. பல் மருத்துவர்களை உருவாக்குவது எப்படி என்பதே சட்டத்தின் கேள்வி. பல் மருத்துவரிடம் ஒருபோதும் போகாத குழந்தையின் பல்லை யார் பார்ப்பது என்பது வேறு கேள்வி. அது அந்த அமளியில் மட்டுமல்ல, அமைதியான நாள்களிலும் நாடாளுமன்றத்தில் அரிதாகவே எழுகிறது.

இக் கேள்வி சிறியதல்ல. இந்திய பல் மருத்துவக் கவுன்சில் 2002-03-இல் நடத்திய தேசிய ஆய்வில், 5 வயதுக் குழந்தைகளில் 51.9 சதவீதம் பேருக்குச் சொத்தைப் பல் இருப்பது தெரியவந்தது. உலக சுகாதார நிறுவனம் 2022 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, பால் பற்களில் சொத்தை உள்ள குழந்தைகள் உலகெங்கும் 51.4 கோடி பேர். வருமானம் குறைந்த குடும்பங்களில்தான் இச் சுமை அதிகம். ஆனால், மிகக் குறைந்த செலவில் தடுக்கக்கூடிய குழந்தைப் பருவ நோய்களுள் இதுவும் ஒன்று.

ரயில் பாதையில் ஐந்து கல்லூரிகள்: மருத்துவர்களின் எண்ணிக்கை பெருகினால் நோய் குறையும் என்ற நம்பிக்கை எவ்வளவு தூரம் பலிக்கும் என்பதை அறிய நவி மும்பையின் சான்பாடா நல்ல எடுத்துக்காட்டு.

சான்பாடாவில் பன்வெல் செல்லும் ரயிலில் ஏறினால் இரண்டாவது நிலையம் நெருல். அங்கு இரண்டு பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. அதே பாதையில் பேலாப்பூரில் ஒன்று, கார்கரில் ஒன்று, சற்றுத் தள்ளி காமோட்டேயில் ஒன்று. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயணத்தில் ஐந்து பல் மருத்துவக் கல்லூரிகள் அமைந்துள்ள பகுதிகள் இந்தியாவில் அதிகம் இருக்க வாய்ப்பில்லை. நாடு முழுவதும் இத்தகைய கல்லூரிகள் 300-க்கும் மேல் உள்ளன.

சான்பாடாவில் சிட்கோ வகுத்த செக்டார்களும் பாம் பீச் சாலையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகளும் ஒரு முகம். சிறிது தொலைவில் துர்பே ஸ்டோர்ஸ், இந்திரா நகர் போன்ற குடிசைப் பகுதிகள் இன்னொரு முகம். ஏ.பி.எம்.சி. மொத்தச் சந்தையில் மூட்டை சுமப்போரும், தொழிற்பேட்டையில் தினக்கூலிக்குச் செல்வோரும், அடுக்குமாடிகளில் வீட்டு வேலை செய்யும் பெண்களும் வாழும் இடங்கள் அவை. வாஷி பாலத்தைத் தாண்டி மறுகரைக்குச் சென்றால் மான்குர்த். அதனருகே சீட்டா கேம்ப். பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்காக 1976-இல் ஜனதா காலனியிலிருந்து அகற்றப்பட்ட மக்கள் குடியமர்த்தப்பட்ட இடம் அது. அவர்களுள் தமிழர்கள் ஏராளம். செம்பூர், மாட்டுங்கா லேபர் கேம்ப், தாராவி என்று நீளும் தமிழர் வாழ்விடங்களிலும் நிலைமை பெரிதாக வேறுபடுவதில்லை.

இங்கு கல்லூரி தொலைவில் இல்லை, கட்டணமும் அதிகமில்லை. ஆனால், மருத்துவரிடம் குழந்தையைக் கொண்டுசெல்ல ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். அதற்குத் தூண்டுதலாக அமைவது வலி ஒன்றுதான். வலி வரும்போது சொத்தை பல்லின் நரம்பு வரை எட்டியிருக்கும். அதாவது, தடுக்கும் கட்டம் ஓராண்டுக்கு முன்பே முடிந்திருக்கும். இதனால்தான் கல்லூரிகளின் எண்ணிக்கைக்கும் இரண்டு வயதுக் குழந்தையின் பல்லுக்கும் நேரடித் தொடர்பு இல்லாமல் போகிறது.

மேலுதட்டுக்குள் ஒளிந்திருக்கும் நோய்: முதல் பால் பல் ஏறத்தாழ 6-ஆம் மாதத்தில் முளைக்கிறது. இரண்டரை முதல் மூன்று வயதுக்குள் 20 பால் பற்களும் வந்துவிடுகின்றன. வாயில் வாழும் சில நுண்ணுயிரிகள், குறிப்பாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ், சர்க்கரையை உண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சான எனாமலிலிருந்து தாதுப் பொருள்களைக் கரைக்கிறது. உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்து, இழந்த தாதுவை ஓரளவு மீட்டுத் தருகிறது. ஒரு நாளில் எத்தனை முறை சர்க்கரை வாய்க்குள் போகிறது என்பதைப் பொறுத்தே இப் போரில் வெற்றி யாருக்கு என்பது முடிவாகிறது. எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை முறை இனிப்பு என்பது முக்கியம்.

பால் பல்லின் எனாமல் நிரந்தரப் பல்லினுடையதைவிட மெல்லியது. எனவே சொத்தை விரைவாகப் பரவுகிறது. தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது குறைந்துவிடும். சர்க்கரை கலந்த பால் புட்டியை வாயில் வைத்தபடி குழந்தை உறங்கினால், இரவு முழுவதும் பற்கள் இனிப்பில் ஊறுகின்றன. முதலில் பாதிக்கப்படுபவை மேல்வரிசையின் முன்பற்கள் நான்கும்தான். கீழ்வரிசை முன்பற்களை நாக்கும் உமிழ்நீரும் காக்கின்றன. அதனால்தான் கீழ்ப்பற்கள் வெண்மையாக இருக்க, மேற்பற்கள் மட்டும் அரிக்கப்பட்டுக் கறுத்த குச்சிகளாக நிற்கும் குழந்தைகளைக் காண்கிறோம்.

நோயின் முதல் அறிகுறி கறுப்பல்ல, வெள்ளை. மேல் முன்பற்களில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தீற்றியது போல மங்கலான வெண்கோடு தோன்றும். இந்தக் கட்டத்தில் சர்க்கரையைக் குறைத்து ஃபுளூரைடு பற்பசையால் துலக்கினால் சொத்தையை நிறுத்தவும், எனாமலை மீண்டும் உறுதியாக்கவும் முடியும். அடுத்து பழுப்பு, பின்னர் குழி. வெண்கோட்டைக் கண்டறிய எக்ஸ்-ரே வேண்டாம், நாற்காலி வேண்டாம், மருத்துவரும் வேண்டாம். குழந்தையின் மேலுதட்டை விரலால் தூக்கி, வெளிச்சத்தில் பார்த்தால் போதும்.

ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையின் பால் பற்களில் ஒன்றிலேனும் சொத்தை இருந்தால் அதனைக் குழந்தைப் பருவ ஆரம்பச் சொத்தை என்று மருத்துவ உலகம் வரையறுக்கிறது. மூன்று வயதுக்குள் முன்பற்கள் போன்ற வழவழப்பான பரப்பில் சொத்தையின் அறிகுறி தெரிந்தாலே அது கடுமையான வகையில் சேர்க்கப்படுகிறது.

"விழப்போகிற பல்தானே?": பெற்றோரிடமிருந்து அடிக்கடி கேட்கும் பதில் இது. இப் பதிலில் ஒரு பாதி உண்மை உண்டு. முன்பற்கள் 6, 7 வயதில் விழுந்துவிடும். ஆனால், பால் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியவை. அவற்றை முன்கூட்டியே இழந்தால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து, அடியில் காத்திருக்கும் நிரந்தரப் பல்லுக்கு இடமில்லாமல் போகிறது. சீழ் கட்டினால் வளரும் நிரந்தரப் பல்லே பழுதாகக்கூடும்.

அதைவிட முக்கியமானது, குழந்தை சாப்பிட மறுப்பது. தனக்குப் பல் வலிக்கிறது என்று இரண்டு வயதுக் குழந்தையால் சொல்ல முடியாது. சோற்றை ஒதுக்கும், மென்மையானதை மட்டும் விழுங்கும், இரவில் விழித்து அழும். "சாப்பாடு பிடிக்கவில்லை" என்று எண்ணி வீட்டார் மீண்டும் பாலில் நனைத்த பிஸ்கட்டையே தருவார்கள். நோய்க்குக் காரணமான உணவே நோயாளிக்கு ஆகாரமாகும் சுழற்சி இது. நாட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 32.1 சதவீதம் பேர் எடை குறைந்தவர்கள், 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ளோரில் 67.1 சதவீதம் பேர் ரத்த சோகை உள்ளவர்கள் என்று தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று கூறுகிறது. அந்த ஆய்வு குழந்தையின் உயரத்தை அளக்கிறது, எடையை நிறுக்கிறது, விரலில் குத்தி ரத்தத்தைச் சோதிக்கிறது. வாயைத் திறந்து பார்ப்பதில்லை.

சிகிச்சை என்று வந்தால் செலவு வேறு. இரண்டு, மூன்று வயதுக் குழந்தைக்குப் பல பற்களில் சொத்தை என்றால் முழு மயக்க மருந்து கொடுத்தே சிகிச்சை அளிக்க நேரிடுவதுண்டு. ஆயுஷ்மான் பாரத் காப்பீடு மருத்துவமனையில் அனுமதிக்கப்படுவோருக்கானது. வெளிநோயாளியாகப் பல்லை அடைத்துக்கொள்ள அதில் இடமில்லை. ஒரு பிரஷும் ஒரு பற்பசைக் குழாயும் தடுத்திருக்கக்கூடியதற்கு ஏழைக் குடும்பம் பல நாள் கூலியைக் கொடுக்க வேண்டியதாகிறது.

ஐந்து ரூபாய் பாக்கெட்: தாய்மார்களைக் குறை கூறுவது எளிது. காலை 7 மணிக்கு வேலைக்குக் கிளம்பும் பெண், குழந்தையைப் பாட்டியிடமோ, எட்டு வயது அக்காளிடமோ, பக்கத்து வீட்டாரிடமோ விட்டுச் செல்கிறாள். அழுகையை அடக்க அவர்கள் கையில் இருப்பது ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டும் சர்க்கரை போட்ட சாயாவும்தான். சமைக்க வேண்டாம், கெட்டுப்போகாது, எந்தச் சந்திலும் கிடைக்கும். பசியாற்றும் பொருள்களில் இவ்வளவு மலிவாகவும் கைக்கெட்டும் தொலைவிலும் வேறொன்று இல்லை.

தாய்ப்பால் இங்கு எதிரியல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். தாராவியை அடுத்துள்ள சயான் லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனையில்தான் 1989-இல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி தொடங்கப்பட்டது. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், பின்னர் இணை உணவுடன் 2 வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்ற அறிவுரையில் மாற்றமில்லை. பல் முளைத்த பிறகு அதைத் துலக்கிவிட வேண்டும், இணை உணவில் சர்க்கரை சேர்க்கக் கூடாது என்பவையே கூடுதல் அறிவுரைகள்.

ஆனால், சர்க்கரை வீட்டில் மட்டும் சேர்க்கப்படுவதில்லை. இந்தியாவில் விற்கப்படும் செரிலாக் குழந்தை உணவில் ஒரு வேளைக்குச் சராசரியாக ஏறத்தாழ 3 கிராம் சர்க்கரை சேர்க்கப்படுவதாக சுவிட்சர்லாந்தின் 'பப்ளிக் ஐ' அமைப்பு 2024 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை நாட்டில் விவாதத்தைக் கிளப்பியது. அதே ஆண்டு அக்டோபரில் சுத்திகரித்த சர்க்கரை சேர்க்காத வகைகளை நெஸ்லே இந்தியா அறிவித்தது. 1992-இல் நாடாளுமன்றம் இயற்றி, 2003-இல் திருத்திய குழந்தைப் பால் மாற்று உணவுகள் சட்டம் 2 வயது வரையிலான குழந்தை உணவுகளின் விளம்பரத்தைத் தடுக்கிறது. டப்பாவுக்குள் எவ்வளவு சர்க்கரை என்பது அச் சட்டத்தின் கவலையாக இருக்கவில்லை.

வரிக் கொள்கையும் இரு பக்கம் இழுக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் பற்பசை, பிரஷ் ஆகியவற்றுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பற்பொடிக்கான வரி 12-லிருந்து 5 சதவீதமானது. வரவேற்க வேண்டிய முடிவு இது. ஆனால், அதே நாளில் பிஸ்கட்டுக்கும் சாக்லேட்டுக்கும் 18-லிருந்து 5 சதவீதமாக வரி குறைந்தது. சர்க்கரை சேர்த்த குளிர்பானங்கள் மட்டும் 40 சதவீதத்தில் வைக்கப்பட்டன. இரண்டு வயதுக் குழந்தையின் பல்லை அரிப்பது பெரும்பாலும் குளிர்பானமல்ல, பிஸ்கட் என்பதை ஜி.எஸ்.டி. கவுன்சிலில் யாரும் நினைவூட்டியதாகத் தெரியவில்லை. ஏழையின் பசியாற்றும் பொருளுக்கு வரி போடுவதா என்ற எதிர்வாதமும் நியாயமானதே. அப்படியானால் அந்த இடத்தை நிரப்ப வேறு உணவு என்ன என்பதற்கு அங்கன்வாடிதான் பதில் சொல்ல வேண்டும்.

தருமபுரியில் அதிகம், மும்பையில் குறைவு: ஃபுளூரைடு என்றதும் தமிழக வாசகர்களுக்கு தருமபுரி, கிருஷ்ணகிரி நினைவுக்கு வரும். நிலத்தடி நீரில் மிகுந்த ஃபுளூரைடால் பற்கள் பழுப்பேறி, எலும்புகள் வளைந்த மக்களின் துயரம் அது. 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளூரோசிஸ் பாதிப்புக் குறைப்பும் இடம்பெற்றது. மத்திய அரசும் 2008-09 முதல் ஃபுளூரோசிஸ் தடுப்புத் திட்டத்தை நடத்தி வருகிறது.

மும்பையின் கதை வேறு. பாத்சா, தான்சா, வைதர்ணா ஏரிகளிலிருந்து மும்பைக்கும், மோர்பே அணையிலிருந்து நவி மும்பைக்கும் வருவது மழைநீர் தேங்கிய மேற்பரப்பு நீர். இத்தகைய நீரில் பொதுவாக ஃபுளூரைடு குறைவு. பல்லைக் காக்கும் அளவு தண்ணீரில் இல்லையெனில் அது பற்பசையிலிருந்துதான் கிடைக்க வேண்டும். வேப்பங்குச்சியும் கரித்தூளும் ஃபுளூரைடு இல்லாத பற்பொடிகளும் அழுக்கை அகற்றலாம், எனாமலைக் கெட்டிப்படுத்துவதில்லை. மகாராஷ்டிரத்தில் வறுத்த புகையிலைத் தூளான 'மிஷ்ரி'யால் பல் தேய்க்கும் பெண்கள் இன்றும் உண்டு. பற்பசை, பற்பொடிகளில் புகையிலை சேர்க்க 1992-இல் மத்திய அரசு தடை விதித்தும், வீட்டில் வறுத்துப் பொடிக்கும் பழக்கத்தைச் சட்டத்தால் எட்ட முடியவில்லை.

2018 நவம்பரில் பாங்காக்கில் கூடிய உலகக் குழந்தைப் பல் மருத்துவ நிபுணர்கள் ஒரு பிரகடனம் வெளியிட்டனர். 2 வயது வரை உணவில் சர்க்கரை சேர்க்காதீர்கள். நாளுக்கு இரு முறை குறைந்தது 1,000 பி.பி.எம். ஃபுளூரைடு உள்ள பற்பசையால் துலக்குங்கள். முதல் வயதுக்குள் சுகாதாரப் பணியாளரின் அறிவுரை கிடைக்கச் செய்யுங்கள் என்பது அதன் சாரம். பி.பி.எம். என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இந்திய விதிகளின்படி பற்பசையில் ஃபுளூரைடு 1,000 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது. அளவைக் குழாயின் மீது அச்சிட வேண்டும். நிபுணர்கள் கேட்கும் குறைந்தபட்சமும் இந்திய விதி அனுமதிக்கும் அதிகபட்சமும் ஒரே எண்.

ஏழைக் குடும்பத்துக்கு இது நல்ல செய்தி. குழந்தைக்கென்று படம் போட்ட, விலை கூடிய பசை தேவையில்லை. அப்படி விற்கப்படும் சிலவற்றில் ஃபுளூரைடு குறைவாகவோ இல்லாமலோ இருக்கிறது. 1,000 பி.பி.எம். என்று அச்சிட்ட, வீட்டில் எல்லோரும் பயன்படுத்தும் சாதாரணப் பசையே போதும். அளவில்தான் கவனம் வேண்டும். 3 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி மணி அளவு. 3 முதல் 6 வயது வரை ஒரு பட்டாணி அளவு. அரிசி மணி அளவுப் பசையில் இருப்பது ஏறத்தாழ 0.1 மில்லிகிராம் ஃபுளூரைடு. குழந்தை விழுங்கினாலும் அஞ்சத் தேவையில்லாத அளவு இது. விளம்பரங்களில் காட்டுவது போல பிரஷ் முழுவதும் பசையைப் பிதுக்குவது வீண் செலவு, குழந்தைக்குக் கெடுதலும்கூட. துலக்கிய பின் துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டியதில்லை. குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்காகக் காத்திருக்கும் குடியிருப்புகளில் இந்த அறிவுரைக்குத் தனி மதிப்புண்டு.

மூன்று வயது வரை ஓர் இடைவெளி: திட்டங்கள் இல்லையா என்றால், இருக்கின்றன. தேசிய வாய்நலத் திட்டம் 2014-15 முதல் நடைமுறையில் உள்ளது. தில்லி எய்ம்ஸின் பல் மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி மையம் அதன் தேசிய உயர் மையம். ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் எனப் பெயர் மாற்றப்பட்ட நல்வாழ்வு மையங்களின் 12 சேவைகளில் அடிப்படை வாய்நலமும் ஒன்று. தேசிய வாய்நலக் கொள்கையின் வரைவு 2021-இல் வெளியானது.

குழந்தைகளுக்கென்றே உள்ளது ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய காரியக்கிரமம். 2013 பிப்ரவரியில், அப்போது தாணே மாவட்டத்தில் இருந்த பால்கரில்தான் இத் திட்டம் தொடங்கப்பட்டது. அதில் கண்டறிய வேண்டிய 30 வகைக் குறைபாடுகளில் பல் நோயும் உண்டு. நடமாடும் குழுக்கள் அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரு முறையும், பள்ளிக்கு ஒரு முறையும் செல்ல வேண்டும். ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டமோ இதைவிடப் பழையது. 1975-இல் நாட்டில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட 33 வட்டாரங்களில் தாராவியும் ஒன்று. அரை நூற்றாண்டாக அங்கன்வாடியை அறிந்த பகுதி அது.

ஆனால், அங்கன்வாடியில் அன்றாடம் வந்து அமர்வது 3 முதல் 6 வயதுக் குழந்தைகள். 6 மாதம் முதல் 3 வயது வரையுள்ளோருக்கு வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சத்துணவுப் பொட்டலம் மட்டுமே. பல் முளைப்பதும், வெண்கோடு தோன்றுவதும், குழி விழுவதும் அந்த வயதில்தான். நடமாடும் குழு வந்து பார்த்து 'சொத்தை' என்று எழுதும்போது அது தடுப்பு அல்ல, பதிவு. பள்ளிகளை மையமாகக் கொண்ட திட்டங்களுக்கும் இதே குறை பொருந்தும். தமிழக அரசு 2023-இல் பள்ளி மாணவர்களுக்காகத் தொடங்கிய 'புன்னகை' பல் பரிசோதனைத் திட்டமும், சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் 2025-இல் வைக்கச் சொன்ன சர்க்கரை விழிப்புணர்வுப் பலகைகளும் நல்லவையே. ஆனால், அவை பால் பற்களுக்கு மிகவும் தாமதம்.

இதற்கொரு நிர்வாகக் காரணம் உண்டு. தடுப்பூசி சுகாதார அமைச்சகத்திடம், அங்கன்வாடி பெண்கள்-குழந்தைகள் அமைச்சகத்திடம், டப்பா உணவின் சர்க்கரை உணவுப் பாதுகாப்பு ஆணையத்திடம், வரி ஜி.எஸ்.டி. கவுன்சிலிடம், மருத்துவர்களின் பதிவு புதிய சட்டத்தின் ஆணையத்திடம். பொது சுகாதாரம் என்ற பொருளோ அரசியல் சாசனப்படி மாநிலப் பட்டியலில். ஆறு மேஜைகளில் பிரிந்து கிடக்கும் பால் பல் எந்த மேஜைக்கும் சொந்தமில்லை.

எளிய வழி கண்டவர்கள்: ஸ்காட்லாந்து இதே சிக்கலுக்கு மருத்துவர்களைக் கூட்டாமல் விடை கண்டது. 2006-இல் தொடங்கிய 'சைல்டுஸ்மைல்' திட்டத்தின் கீழ், மழலையர் காப்பகங்களில் ஆசிரியைகளின் மேற்பார்வையில் குழந்தைகள் தினமும் ஃபுளூரைடு பசையால் பல் துலக்குகின்றனர். ஆரம்பப் பள்ளியில் சேரும் 5 வயதுக் குழந்தைகளில் வெளிப்படையான சொத்தை இல்லாதோர் 2003-இல் 45 சதவீதம். 2018-இல் 71 சதவீதம். திட்டத்துக்கான செலவைவிட சிகிச்சையில் மிச்சமான தொகை பல மடங்கு என்பதை ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினர். பணக்கார நாட்டின் கதை என்று ஒதுக்கவும் முடியாது. பிலிப்பின்ஸ் பள்ளிகள் கை கழுவுதல், பல் துலக்குதல், குடற்புழு நீக்கம் மூன்றையும் ஒரே திட்டமாக நடத்திக் காட்டின.

தமிழகத்துக்கு இது புதிய சிந்தனையுமல்ல. எம்.ஜி.ஆர். ஆட்சியில் பள்ளிக் குழந்தைகளுக்கு இலவசப் பற்பொடி வழங்கப்பட்டதை நடுத்தர வயதினர் பலர் நினைவில் வைத்திருக்கக்கூடும். அதைக் கேலி செய்தவர்களும் அப்போது இருந்தனர். ஆனால், ஏழைக் குழந்தை காலையில் பல் துலக்குவதும் அரசின் கவலைக்குரியதே என்று ஒரு மாநில அரசு ஏற்றுக்கொண்டது என்பதே அதில் கவனிக்க வேண்டியது. மதிய உணவில் நாட்டுக்கு வழிகாட்டிய மாநிலத்துக்கு, அங்கன்வாடிகளில் மேற்பார்வையுடன் பல் துலக்குதலிலும் வழிகாட்டத் தகுதியுண்டு.

என்ன செய்யலாம்?: புதிய ஆணையமோ, புதிய கட்டடமோ தேவையில்லை. ஏறத்தாழ எல்லாத் தாய்மார்களும் குழந்தையுடன் சுகாதார நிலையத்துக்கு வரும் நாள் ஒன்று உண்டு. அது 9-ஆம் மாதத் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி நாள். 16 முதல் 24 மாதத்துக்குள் ஊக்கத் தவணைக்கு மீண்டும் வருகின்றனர். முதல் நாளில் மேலுதட்டைத் தூக்கிப் பார்க்கக் கற்றுக்கொடுத்து, ஒரு பிரஷும் பசையும் கையில் தரலாம். இரண்டாவது நாளில் வெண்கோடு உள்ளதா என்று பார்க்கலாம். 2018-இல் தொடங்கிய வீட்டு வருகைத் திட்டத்தின்படி ஆஷா பணியாளர்கள் 3, 6, 9, 12, 15-ஆம் மாதங்களில் வீட்டுக்கே செல்கின்றனர். பல் துலக்குதலை அவர்களது அறிவுரைப் பட்டியலில் சேர்க்கலாம். உரிய ஊக்கத்தொகையுடன்தான் சேர்க்க வேண்டும்.

ஏற்கெனவே சொத்தை விழுந்த குழந்தைக்கும் எளிய மருந்துகள் உள்ளன. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தனது அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஃபுளூரைடு பற்பசை, கிளாஸ் அயனோமர் அடைப்பு, சில்வர் டையமைன் ஃபுளூரைடு ஆகிய மூன்றையும் சேர்த்தது. கடைசியாகச் சொன்ன திரவத்தைத் தடவினால் சொத்தை பரவுவது பெரும்பாலும் நிற்கிறது. அந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும் என்பது அதன் குறை. பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். துளையிடும் கருவியோ, மின்சாரமோ, மயக்க மருந்தோ தேவையில்லை என்பது அதன் பலம். அங்கன்வாடி அறையிலேயே செய்து முடிக்கலாம்.

இங்குதான் சான்பாடாவைச் சூழ்ந்துள்ள ஐந்து கல்லூரிகளுக்கு வேலை இருக்கிறது. பல் மருத்துவப் பட்டத்துக்கு ஓராண்டு பயிற்சிப் பணி கட்டாயம். ஒவ்வொரு கல்லூரியிலும் பொது சுகாதாரப் பல் மருத்துவத் துறை இயங்குகிறது. ஆண்டுக்கொரு முறை முகாம் நடத்திப் புகைப்படம் எடுத்துக்கொள்வதற்குப் பதிலாக, நவி மும்பை மாநகராட்சி ஒவ்வொரு கல்லூரிக்கும் குறிப்பிட்ட அங்கன்வாடிகளை நிலையாக ஒதுக்கினால், பயிற்சி மருத்துவர்கள் மாதந்தோறும் அதே குழந்தைகளைப் பார்க்க முடியும். கல்லூரிகளை மதிப்பிடும் வாரியம் இதற்கு மதிப்பெண் அளித்தால் கல்லூரிகள் தாமாகவே முன்வரும். தாராவி, சீட்டா கேம்ப் போன்ற இடங்களில் அறிவுரை மராத்தியிலும் இந்தியிலும் மட்டுமின்றித் தமிழிலும் இருக்க வேண்டும். வாஷியிலும் சயானிலும் உள்ள தமிழ்ச் சங்கங்கள் இதில் மாநகராட்சிகளுக்குக் கைகொடுக்கலாம்.

நாடாளுமன்ற உறுப்பினர்கள் செய்யக்கூடியதும் அதிகமில்லை. தமது தொகுதியில் எத்தனை அங்கன்வாடிகளுக்கு நடமாடும் குழு ஆண்டுக்கு இரு முறை சென்றது, எத்தனை குழந்தைகளின் வாய் பரிசோதிக்கப்பட்டது, சொத்தை கண்டறியப்பட்டோரில் எத்தனை பேருக்குச் சிகிச்சை கிடைத்தது என்ற மூன்று வினாக்களை நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாக எழுப்பலாம். பதில் அளிக்க வேண்டுமானால் அமைச்சகம் முதலில் கணக்கெடுக்க வேண்டியிருக்கும். கணக்கெடுக்கத் தொடங்குவதே பாதி வேலை.

மீதிப் பாதி, தாயிடம் இருக்கும் தடுப்பூசி அட்டையில் 9-ஆம் மாதத்துக்கு எதிரே கூடுதலாக ஒரு கட்டம். மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தாயிற்றா என்று கேட்கும் கட்டம். அதை நிரப்ப ஒரு செவிலியருக்கு அரை நிமிடம் போதும்.